ஒரே வாளியில் இரண்டு கரண்டி

அனுப்பியாகிவிட்டது, இனி வரவேண்டியதுதான் பாக்கி, வராமல் எங்கே போய்விடும் என்று பூங்கொடி போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள், வைத்த கையோடு நிமிர்த்தி வைத்தாள். கவிழ்த்து வைத்தால் வந்தது தெரியாது, நிமிர்த்தி வைத்தால் வராதது கண்ணை உறுத்தும். மத்தியானம் தாண்டிவிட்டது. சரவணம்பட்டி அலுவலகத்தின் அந்த நீள ஹாலில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள், நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, ஏசி மட்டும் எல்லோரும் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு முழு வீச்சில் ஓடியது, அவள் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஜை ஓரத்தில் சாப்பாட்டு டப்பா. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. காலையில் ஆறவிடாமல் மூடியதில் உள்ளே வேர்த்திருக்கும், திறந்தால் அந்த வாசனை பசியைக் கிளப்பும், சாப்பிட்டால் தூக்கம் வரும், இன்றைக்குத் தூங்கி வழிய முடியாது. வேலை என்னவோ சின்ன வேலைதான், யாரிடமாவது விளக்கிச் சொன்னால் இதுக்கா சம்பளம் என்பார்கள். டயாலிசிஸ் மையங்களில் இருக்கும் நர்சுகள் ‘நாளைக்கு உங்கள் முறை இத்தனை மணிக்கு’ என்று நோயாளிக்கு ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த வரி, எங்கோ கண்காணாத இடத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில், ஒரு க்யூவில் போய் நிற்கிறது. பூங்கொடியின் புரோகிராம் முன்னால் நிற்பதை எடுத்துப் போன் கம்பெனியிடம் கொடுக்கிறது. நோயாளியின் சட்டைப்பையில் ஒரு சத்தம். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தச் சத்தம் சில சட்டைப்பைகளில் கேட்கவில்லை. ஒட்டுமொத்தமாகப் படுத்திருந்தால்கூட நிம்மதி, எங்கே வலி என்று பார்த்துவிடலாம். இது பாதி போகிறது, பாதி போவதில்லை. க்யூவைத் திறந்து பார்த்தால் துடைத்துவைத்த மாதிரி காலி, நின்றதெல்லாம் எடுத்தாகிவிட்டது, எடுத்ததெல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று பச்சைப்பசேலென்று காட்டுகிறது. பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம், இப்படி முகம் மலர்ந்து எல்லாம் சரி என்கிறவனை என்ன செய்வது?

போன் அதிர்ந்தது. மெசேஜ் இல்லை, ஆள். தாராபுரம் மையத்தின் எமிலி சிஸ்டர். எமிலி சிஸ்டர் கோபப்பட மாட்டார், அதுதான் கஷ்டம், கோபப்பட்டால் பதிலுக்கு நாமும் கொஞ்சம் குரலை உயர்த்திக்கொள்ளலாம். “மேடம், சாயங்காலத்துக்குள்ள சரியாயிருமுங்களா?” என்றார். “நாளைக்கு மத்தியானம் எங்க மெஷினுக்குத் தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டைக் கழட்டறாங்க. மத்தியானம் வர்றவங்க எல்லாரும் காலையிலயே வந்தாகணும். மெசேஜ் போட்டுட்டேன். யாருக்குப் போச்சு, யாருக்குப் போகலைன்னு தெரியல.” “ஃபோன் பண்ணிச் சொல்ல முடியாதா சிஸ்டர்?” “பண்ணிட்டுத்தான் இருக்கறோம். நாங்க மூணு பேருங்க, உள்ள ஊசி மாத்தணும், பிரஷர் பாக்கணும். பாதிப் பேரு எடுக்கறதில்ல. முந்தாநேத்து தண்டபாணி ஐயாவுக்கு ஆனதுதான் பயமா இருக்கு.” தண்டபாணி ஐயாவைப் பற்றி நேற்றே சொல்லியிருந்தார். டெய்லர். காலையில் வரச்சொன்ன மெசேஜ் அவருக்குப் போகவில்லை, வழக்கம்போல மத்தியானம் மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார், மெஷின் இல்லை, நாளைக்கு வாங்க என்று அனுப்பியிருக்கிறார்கள், வீட்டுக்குப் போனவருக்குப் படுக்க முடியவில்லை, தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து எப்படியோ இழுத்துப் பிடித்துவிட்டார்கள். இன்று காலைதான் வீட்டுக்கு வந்திருக்கிறார், போன் அணைந்திருக்கிறது, நாளை அவருக்கும் முறை. “திரும்ப அனுப்பிப் பாருங்க சிஸ்டர்” என்று வாய்வரை வந்ததைப் பூங்கொடி விழுங்கினாள். திரும்ப அனுப்பினால் அதிலும் பாதி போகும், எந்தப் பாதி என்று யாருக்குத் தெரியும்? “சாயங்காலத்துக்குள்ள பாத்துடறேன் சிஸ்டர்” என்றாள். எதைப் பார்க்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

டெய்லர் என்றால் கையில் கத்தரிக்கோல் காய்ப்பு இருக்கும். அந்தக் கையைத் தொட்டிருக்கிறோமா? தாராபுரம் மையத்தில் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் போட்டுக்கொடுக்கப் போனபோது, ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்த ஒருவர், ஒல்லியான ஆள், பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் இடது கையை நீட்டி, “தொட்டுப் பாரு கண்ணு, உள்ளுக்குள்ள பூனைக்குட்டி இருக்குது” என்றார். ரத்தக்குழாயைத் தைத்து இணைத்த இடம், புடைத்து முடிச்சு முடிச்சாக இருந்தது, தொட்டதும் விரலுக்கடியில் கிர்ரென்று ஓடியது, பூனையின் வயிற்றில் கை வைத்தால் ஓடுமே அந்த மாதிரி. பூங்கொடி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கூட வந்த நஸ்ரின்தான் எடுக்காமல் உள்ளங்கையை முழுசாக வைத்துக்கொண்டு, “பூனைக்குப் பேர் வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள், அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் டெய்லரா? அவர்தான் தண்டபாணியா? பேர் கேட்டோமா? பேர் கேட்டது பூனைக்கு மட்டும்தான். அவராக இருக்கக்கூடாது என்று நினைத்தாள், உடனே வெட்கமாக இருந்தது, அவராக இல்லாவிட்டால் மட்டும் என்ன, வேறொருவர் நெஞ்சில் தண்ணீர் ஏறினால் பரவாயில்லையா? நஸ்ரின் ஞாபகம் ஏன் இப்போது வருகிறது? வரவேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே மேஜைக்குப் பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, “திங்கக்கிழமை பாப்போம்டி” என்று போனவள் திங்கள்கிழமை வரவில்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு மெயில் வந்தது, உங்களோடு வேலை பார்த்தது மகிழ்ச்சி, தொடர்பில் இருப்போம். எல்லோருக்கும். மாடி கூட்டும் கம்பெனியின் சூப்பர்வைசருக்கும் அதே வரி. இவளும் அந்த எல்லோரில் ஒருத்தி. இரண்டு வருஷமாகிறது, போன் பண்ணவில்லை, அவளே பண்ணட்டும், ஏன் நான் பண்ணவேண்டும், சொல்லாமல் போனது யார்?

இதை வேறு இப்போது கிளறிக்கொண்டு. வேலையைப் பார்.

வேலை என்பது இப்போதைக்குத் தனக்குத்தானே மெசேஜ் அனுப்பிக்கொள்வது. டெஸ்ட் செய்கிறவர்கள் பேரின் முதல் எழுத்தும் எண்ணும் போட்டு அனுப்புவது இந்த அலுவலகத்துப் பழக்கம், யார் அனுப்பியது என்று பிறகு சண்டை வராமல் இருக்க. பூ-1, டெஸ்ட். வந்தது. பூ-2, டெஸ்ட். வரவில்லை. பூ-3, வருதா. வந்தது. பூ-4, வரலையா. ஆமாம், வரவில்லை. இரண்டு நாளாகப் போன் கம்பெனிக்காரர்கள்தான் முழுங்குகிறார்கள் என்று அவர்களோடு மல்லுக்கட்டினாள், இன்று காலை அவர்கள் தங்கள் பக்கத்தை விரித்துக் காட்டிவிட்டார்கள், வந்ததெல்லாம் போயிருக்கிறது, வராததை எப்படி மேடம் அனுப்புவது என்று கேட்டான் ஒரு பையன், நியாயமாகத்தான் கேட்டான், அந்த நியாயம்தான் எரிச்சலாக இருந்தது. பெங்களூரிலிருந்து மேனேஜர் பாஸ்கர் கூப்பிட்டார். “என்ன பூங்கொடி, ஏதாச்சும் பிடிபட்டுதா?” “பாத்துட்டிருக்கேன் சார்.” “சாயங்காலம் வரைக்கும் பாருங்க. இல்லைன்னா சாவியை மாத்திடலாம்.” க்யூவைத் திறக்கிற ரகசியச் சாவி ஒன்றுதான், எல்லா மையத்துக்கும் அதேதான். அதை மாற்றினால் ஒவ்வொரு மையத்திலும் யாராவது உட்கார்ந்து புதிய சாவியைப் போடும்வரை ஒரு மெசேஜும் போகாது, பாதிக்குப் பதில் பூஜ்யம், அதுவும் நாளைக் காலைக்குள் முடியாது. பாஸ்கருக்கு அது தெரியும், தெரிந்துதான் சொல்கிறார், ஏதாவது செய்தோம் என்று இருக்கவேண்டும் அவருக்கு. பூங்கொடி சரி என்று சொல்லி வைத்தாள். எண் போட்டு எண் போட்டு ‘டெஸ்ட், டெஸ்ட்’ என்று அடித்ததில் அலுத்துவிட்டது. பூ-5, மழை வரும் போல இருக்கு. வந்தது, மழை அல்ல, மெசேஜ். கண்ணாடிக்கு வெளியே வெயில் கொளுத்தியது. சாப்பாட்டு டப்பாவை ஒரு விரலால் தன் பக்கம் இழுத்தாள். பூ-6, சாப்பிட்டாச்சா. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. வராது, இது வராமல் போகிற முறை. புரோகிராமின் குறிப்பைத் திறந்து பார்த்தாள். பூ-5 இருந்தது. பூ-6 என்ற பேச்சே அதில் இல்லை. கேட்டுப் பார், சத்தியம் செய்யும், அப்படி ஒன்று என் கைக்கே வரவில்லை என்று. க்யூவிடம் கேட்டால், கொடுத்துவிட்டேனே, வாங்கிக்கொண்டு ‘பெற்றேன்’ என்று சொல்லிவிட்டார்களே என்கிறது. கொடுத்தவனும் உண்மைதான் சொல்கிறான், வாங்காதவனும் உண்மைதான் சொல்கிறான். இப்படி ஒரு பஞ்சாயத்தை எங்கே பார்த்தோம்?

பார்த்திருக்கிறாள். எங்கே? டப்பாவின் மூடியை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தாள், சாப்பாடு, சாப்பாட்டில்தான் அது, பந்தி, ஆமாம், பொள்ளாச்சியில், தால்ச்சா. மாங்காயும் கத்தரிக்காயும் போட்ட பருப்புக் குழம்பு, பிரியாணியை விட்டுவிட்டு அதைக் குடிக்கலாம் போலிருந்தது, முதல் தடவை ஊற்றினார்கள், இரண்டாவது தடவை இலையில் குழி பறித்துவைத்துக் காத்திருந்தாள், வரவேயில்லை, எதிர் வரிசையில் ஒருவருக்கு விட்டு ஒருவருக்குத்தான் கிடைத்தது. அம்மா ஒருத்தி சமையல்கட்டு வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “வாளி நெறைய ஊத்திக் குடுத்தேன், காலியா வந்துருக்கு, இங்க பாதி இலை காஞ்சு கெடக்குது, அப்ப எங்கடா போச்சு?” என்று சத்தம் போட்டாள். பரிமாறிய பையன் அழாத குறையாக, “நான் மொண்டதெல்லாம் இலையிலதாம்மா ஊத்துனேன்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பார்த்தால் பின்னால் இன்னொரு பையன், அதே வாளியில் இன்னொரு கரண்டியைப் போட்டு, மொண்டு மொண்டு பக்கத்துக் கொட்டகையில் வேன் டிரைவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். அவனும் ஒழுங்காகத்தான் பரிமாறினான். யாருக்கு என்பதில்தான் கோளாறு. ஒரு வாளி, இரண்டு கரண்டி. பூங்கொடியின் கை டப்பா மூடியிலேயே நின்றுவிட்டது. க்யூவில் இன்னொரு ஆள் நின்று எடுக்கிறான். அதே சாவியை வைத்துக்கொண்டு, மரியாதையாகப் ‘பெற்றேன்’ என்று சொல்லி, எடுத்துக்கொண்டு போகிறான். எந்தக் கொட்டகைக்கு? அந்தச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது? மையங்களில் இருக்கிறது, ஆனால் அங்கே போடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது. எடுக்கிற புரோகிராம் இரண்டே இரண்டுதான் இந்த உலகத்தில் எழுதப்பட்டது, ஒன்று ஓடிக்கொண்டிருப்பது, இன்னொன்று டெஸ்டுக்கு எழுதியது. அந்த அம்மா யாருடைய அம்மா? நஸ்ரினின் அம்மா. நஸ்ரினின் அண்ணன் கல்யாணம். எவ்வளவு நேரமாக அவள் ஞாபகத்தைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள், அது சுற்றி வளைத்துச் சமையல்கட்டு வழியாக வந்துவிட்டது.

எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது, ஆனால் சந்தோஷமாக இல்லை. டெஸ்ட் செய்ய ஒரு கம்ப்யூட்டர் வாடகைக்கு வேண்டும் என்று கேட்டதற்கு பாஸ்கர் அனுமதி வாங்க வேண்டும் என்று இழுத்தடித்தார், நஸ்ரின் பொறுக்காமல் தன் சொந்த மெயிலைக் கொடுத்து ஓசியில் ஒன்றை எடுத்துவிட்டாள், எல்லா ஊரிலும் எல்லா எஞ்சினியரும் செய்கிற திருட்டுத்தனம்தான். நோயாளிகளுக்கு டெஸ்ட் மெசேஜ் போய்த் தொலையக்கூடாது என்று, எது வந்தாலும் எண்ணை அழித்துவிட்டு ஒரே ஒரு போனுக்கு அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். அந்தப் போன் மாதம் ஒருத்தருடையது. அந்த மாதத்துப் பலியாடு என்று பெயர், போன் நாள் பூரா கத்திக்கொண்டே இருக்கும், அதற்குக் கூலியாக மற்றவர்கள் சாயங்காலம் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும். கடைசிப் பலியாடு நஸ்ரின். இந்த ஏற்பாட்டின் திறப்பு விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஒரு ஒத்திகைக்காக டெஸ்ட் புரோகிராமை நிஜ க்யூவிலேயே மாட்டினார்கள், கொஞ்ச நேரம் ஓடி அது ஹேங் ஆகி அப்படியே தொங்கிப்போய் நின்றது, திங்கள்கிழமை கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தத் திங்கள்கிழமைதான் நஸ்ரின் வரவில்லை. இவளுக்கு அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஞாபகம் எங்கே வரும்? இரண்டு வருஷமாகத் தொங்கியபடியே கிடந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரை வாடகைக்கு விடுகிற கம்பெனிக்காரர்கள் பராமரிப்பு என்று எல்லாவற்றையும் அணைத்து ஏற்றினார்கள், மெயில்கூட வந்தது, யார் படித்தார்கள். கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டது, புரோகிராம் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டது. அப்படியானால் தண்டபாணியின் மெசேஜ் தொலையவில்லை. அது நஸ்ரினின் போனில் இருக்கிறது.

நிறுத்த வேண்டும், நிறுத்த அவளால்தான் முடியும், அவள் மெயில், அவள் பாஸ்வேர்ட். போன் பண்ணவேண்டும். இதுக்கென்ன யோசனை, எடு, அழுத்து. எண்ணை எப்போதோ அழித்துவிட்டாள், ஆனால் அழித்தால் போகிற எண்ணா அது, விரலுக்கு மனப்பாடம். அவள் எண்ணையே மாற்றியிருந்தால்? இப்படி மூன்று நாளாகக் கண்ட மெசேஜும் வந்தால் எவளாவது பொறுத்துக்கொண்டிருப்பாளா, எரிச்சலில் அனுப்புகிறவரையே தடுத்திருப்பாள். எடுத்து, யாரு, என்று கேட்டால்? அதுதான் பயம், இவ்வளவு நேரமும் இதுதான் பயம், தண்டபாணியைப் பற்றிய பயத்துக்கு அடியில் இந்த அற்பப் பயமும் ஒண்டிக்கொண்டு கிடந்தது, யாரு என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது. நான் எல்லோரில் ஒருத்தி என்றா? நாளைக் காலையில் யாரோ ஒருவர் மூன்று பஸ் மாறி வந்து நிற்பதற்கு முன்னால் இந்த மானம் பெரிதா? அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“சொல்லுடி” என்றது குரல்.

யாரு என்று கேட்கவில்லை. பூங்கொடி வேலையைச் சொன்னாள், வேகமாகச் சொன்னாள், க்யூ, செவ்வாய்க்கிழமை, பழைய டெஸ்ட் கம்ப்யூட்டர். “உனக்கு மெசேஜ் வருதா?”

“செவ்வாக்கிழமையிலருந்து வந்துட்டே இருக்கு. மறுபடி டெஸ்ட் ஆரம்பிச்சுட்டீங்க, பலியாட்டை மாத்த மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். பேரெல்லாம் நல்லா வெக்கறாங்களேன்னு சிரிச்சேன்டி. தண்டபாணி, சௌடம்மா...”

“அதெல்லாம் நெஜம் நஸ்ரின். தண்டபாணி நெஜ ஆளு. மெசேஜ் கிடைக்காம ஆஸ்பத்திரியில கெடந்து வந்துருக்காரு.”

மறுமுனையில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. பிறகு நாற்காலி இழுபடும் சத்தம், கீபோர்டின் சத்தம். “பாஸ்வேர்ட் மறந்துபோச்சு... இரு... இல்ல, இருக்கு. உள்ள போயிட்டேன். அட, ஓடிட்டிருக்குது பாரு சனியன்.” ஒரு மூச்சு. “அணைச்சாச்சு. அழிச்சே போட்டேன்.”

பூங்கொடி போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஒரு கையால் அடித்தாள். பூ-7. வந்தது. பூ-8. வந்தது. பூ-9-ம் வந்தது. தாராபுரம் மையத்தின் நாளைய மெசேஜ்களை எமிலி சிஸ்டரைத் திரும்பப் போடச் சொல்லி மேஜை போனில் தகவல் கொடுத்தாள், மற்ற மையங்களுக்கும் சொன்னாள். இருவரும் போனை வைக்கவில்லை. நஸ்ரினுக்கு மூச்சு வாங்குவது கேட்டது, இவளுக்கும் வாங்கியது. கொஞ்ச நேரத்தில் மேஜை போன் அடித்தது. “மேடம், தண்டபாணி ஐயா சம்சாரம் இப்பத்தான் கூப்பிட்டுச்சு” என்றார் எமிலி சிஸ்டர், “இப்பத்தான் போனை ஆன் பண்ணுச்சாம், மெசேஜ் வந்துருக்குது, காலையிலயேவான்னு கேட்டுச்சு. காலையிலயே கூட்டிட்டு வாம்மான்னு சொல்லிட்டேன்.” பூங்கொடி சரிங்க சிஸ்டர், சரிங்க என்று இரண்டு முறை சொன்னாள். அந்தப் பூனைக்குட்டிக்காரர் டெய்லரா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை, யாராக இருந்தால் என்ன.

“வந்துருவாரா?” என்றாள் நஸ்ரின், இந்தப் போனில்.

“வந்துருவாரு.”

“அல்லா.” பிறகு, “கடைசியா ஒண்ணு வந்துச்சு. அதுக்கு முன்னாடி பூ-ன்னு ரெண்டு வந்தப்பவே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. அதான் அப்பருந்து போனைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்துருக்கேன், திருப்பி அனுப்ப வழியில்லையே அதுல. சாப்பிட்டாச்சான்னு கேட்டிருந்தியே.” அங்கே குக்கர் மறுபடி விசில் அடித்தது. “சாப்பிட்டுட்டேன்டி. நீ?”

பூங்கொடி டப்பாவைப் பார்த்தாள். அது உனக்கு அனுப்பியது இல்லை, எனக்கு நானே அனுப்பிக்கொண்டது என்று சொல்லலாம், அதுதான் உண்மை. சொல்லவில்லை.

“இன்னும் இல்ல” என்றாள்.

“சாப்பிடு மொதல்ல. இனிமே எனக்கு அதெல்லாம் வராது பாத்துக்க. அணைச்சுட்டேன். கேக்கணும்னா போன் பண்ணித்தான் கேக்கணும்.”

“சரி” என்றாள் பூங்கொடி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தாள்.